நாக்கின் அடியில் ஐந்து மில்லிகிராம்

மிக்சிக்கும் செல்போனுக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடமாடும் ஒரு சின்ன மாத்திரையைப் பற்றி, அதைப் பயன்படுத்துகிற ஒருவர் எழுதி நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

பொருள்: ஐசோசார்பைட் டைநைட்ரேட், 5 மி.கி. மதுரையில் எந்த மருந்துக் கடையிலும் "நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். பல நிறுவனங்கள் பல பெயர்களில் செய்கின்றன. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான் என்பதால் நிறுவனப் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஒரு மாத்திரையின் விலை ஒரு டீயின் விலையில் மிகச் சிறிய பங்கு. டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

முதலிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மருந்து நல்ல மருந்து. சொன்னதைச் செய்கிறது, சொன்ன நேரத்தில் செய்கிறது. ஆனால் அதை நோயாளியின் கையில் கொடுக்கும் விதம் சரியில்லை. எப்போது வைப்பது, எப்படி வைப்பது, எப்போது வைக்கவே கூடாது என்ற மூன்றும் தெரியாமல் இதை வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த மூன்றும் தெரியாவிட்டால் இந்த மாத்திரைக்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுபவன். குடியிருப்பது ஒத்தக்கடையில். விடிவதற்கு வெகு முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை வரத்து குறைந்துவிடும். விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். ஏலத்தில் குரலும் ஏறும். அந்தக் குளிரில், வெறும் வயிற்றில், பூ மூட்டைகளுக்கு நடுவே வேகமாக நடக்கும்போதுதான் எனக்கு அந்த நெஞ்சுப் பாரம் தெரிய ஆரம்பித்தது. நின்றால் போய்விடும், நடந்தால் திரும்ப வரும்.

இதய டாக்டர் என்னிடம் முதலில் எந்தப் பரிசோதனையும் கேட்கவில்லை. "எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்" என்றார். நான் கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சுக்கு நடுவில் வைத்தேன். அவர் அதையே சற்று நேரம் பார்த்தார். ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டு "இங்கே குத்துகிறது" என்று காட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் தசைவலியாகவோ எலும்புச் சந்து வலியாகவோ இருக்கும் என்றும், உள்ளங்கையையோ முஷ்டியையோ நெஞ்சில் வைத்துக் காட்டுபவர்களைத் தாம் உடனே கவனிப்பதாகவும் பிறகு சொன்னார். அதற்குமேல் கேள்விகள். நடக்கும்போது வருகிறதா, உட்கார்ந்திருக்கும்போதா? சாப்பிட்டு உடனே நடந்தால் கூடுகிறதா? குளிரில்? கோபம் வரும்போது? தாடைக்கு, இடது தோளுக்கு, கைக்கு ஓடுகிறதா? நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது? ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். என் அனுபவத்தில் அந்தக் கால் மணி நேரம்தான் சிகிச்சையிலேயே விலைமதிப்பற்ற பகுதி.

அவர் விளக்கியது இது. இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தன் மேல் ஓடும் கரோனரிக் குழாய்கள் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. அந்தக் குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்து தடிக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, கெட்ட கொழுப்பு, குடும்ப வழி, வயது என்று காரணங்கள் கூட்டாகத்தான் வேலை செய்யும். எங்கள் மதுரை மாசி வீதியைப் போலத்தான் இது. அங்கே கடைகள் முன்னால் இழுத்துக் கட்டியிருந்தாலும் சாதாரண நாளில் போக்குவரத்து எப்படியோ ஓடிவிடுகிறது. சித்திரைத் தேர் வருகிற அன்றைக்குத்தான் இடம் போதாது என்று தெரிகிறது. குழாய் பாதி அடைத்திருந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடைப்பு 70 சதவீதம் அளவுக்குப் போனால், மாடி ஏறும்போதோ மூட்டை தூக்கும்போதோ இதயத் தசைக்கு ஆக்சிஜன் பற்றாமல் போகிறது. தசை அதை வலியாகவோ பாரமாகவோ இறுக்கமாகவோ தெரிவிக்கிறது. இதுதான் ஆஞ்சைனா. இதில் தசை செத்துப்போவதில்லை. மாரடைப்பில் குழாய் சட்டென்று அடைபட்டுத் தசை சாகிறது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நோயாளியும் வீட்டாரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரையின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது.

எல்லா ஆஞ்சைனாவும் கொழுப்பு அடைப்பால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழாய் திடீரென்று சுருங்கிக்கொள்வதாலும் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு நடுராத்திரியில், ஓய்வாக இருக்கும்போதே வலிக்கும். பெரிய குழாய்கள் நன்றாக இருந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாததாலும் வரும். இது பெண்களிடம் அதிகம். ரத்தசோகை இருந்தால் இருக்கிற அடைப்பு இன்னும் சீக்கிரமே வலியைக் காட்டும். அதனால்தான் என் முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் முன்னால் ஹீமோகுளோபின் இருந்தது.

சாதாரண ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. பலர் இந்த இடத்தில் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், போகக் கூடாது. படுத்திருக்கும்போது எடுக்கிற ஈ.சி.ஜி. ஆஞ்சைனாக்காரர்களில் பலருக்கு ஒழுங்காகத்தான் இருக்கும், ஏனென்றால் அப்போது இதயத்துக்குப் பற்றாக்குறையே இல்லை. நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். டி.எம்.டி. என்று நாம் சொல்லும் ஓட்டப் பரிசோதனை அதற்குத்தான். நெஞ்சில் முடியை மழித்து, மின்வாய்களை ஒட்டி, ஓடும் பட்டையின் மேல் ஏற்றுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். முதல் மூன்று நிமிடம் கோயில் பிரகாரம் சுற்றும் நடைதான். அதற்குப் பிறகு திரையில் கோடுகள் இறங்க ஆரம்பித்தன. நெஞ்சில் அதே பாரம். உடனே நிறுத்தி உட்கார வைத்தார்கள். பக்கத்துத் தட்டில் தயாராக இருந்தது இந்த மாத்திரைதான். ஓய்வாலும் மாத்திரையாலும் சில நிமிடங்களில் வலி விட்டது. உழைப்பில் வருவது, நெஞ்சின் நடுவில் வருவது, ஓய்விலோ மாத்திரையிலோ ஐந்து நிமிடத்துக்குள் போவது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஆஞ்சைனாதான் என்று டாக்டர்கள் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

ஆனால் மாத்திரை வைத்ததும் வலி விட்டுவிட்டது, ஆகவே இதய நோய்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. உணவுக்குழாய் இழுத்துப் பிடிப்பதால் வரும் வலியும் இதே மாத்திரையில் விடும், ஏனென்றால் அங்கே இருக்கும் தசையையும் இது தளர்த்துகிறது. மாத்திரையால் விடவில்லை, ஆகவே வாயுதான் என்று முடிவு கட்டுவது அதைவிட ஆபத்து. விடாத வலி மாரடைப்பாக இருக்கலாம். நம் ஊரில் நெஞ்சை அடைத்தால் முதலில் கைக்கு வருவது சோடா, பிறகு ஓமத் தண்ணீர். குடித்ததும் ஏப்பம் வந்து ஆறுதலாகவும் இருக்கும், அந்தச் சில நிமிட ஓய்வில் ஆஞ்சைனா தானாகவே அடங்கியும் இருக்கும். பெயர் சோடாவுக்குப் போய்விடுகிறது.

மருந்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இதன் மூத்த உறவான நைட்ரோகிளிசரினை 1847இல் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற இத்தாலிய வேதியியலாளர் தயாரித்தார். நாக்கில் துளி வைத்துப் பார்த்தவருக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அதே பொருளைக் கொண்டு ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்தார். 1879இல் லண்டன் டாக்டர் வில்லியம் மரெல், அதை மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய் வந்து, டாக்டர்கள் அவருக்கு நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இந்தக் குடும்ப மருந்துகள் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களுக்குச் சமிக்ஞையாக வேலை செய்வதைக் கண்டறிந்ததற்கு 1998இல் மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பாறையை உடைக்கும் பொருளின் குடும்பத்திலிருந்து வந்த ஒன்று நம் நாக்கின் அடியில் கரைகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மருத்துவத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

வேலை செய்யும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. அடைப்பை இது கரைக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. முதன்மையாக இது சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை, விரியச் செய்கிறது. அதனால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் சற்றுக் குறைகிறது. இதயத்தின் சுமை இறங்குகிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைகிறது. கரோனரிக் குழாய்களும் ஓரளவு விரிகின்றன. ரத்த அழுத்தம் இறங்குவதும், தலை சுற்றுவதும், தலைவலியும் இதே செயலின் மறுபக்கங்கள்தாம்.

இனி பயன்பாட்டு அனுபவம். போன தை மாதத்தில் ஒரு நாள், முகூர்த்த நாளுக்கு முந்தின விடியல். நிலக்கோட்டைப் பக்கமிருந்து வண்டி தாமதமாக வந்தது. எடைச் சீட்டுகளோடு நான் மூட்டைகளுக்கு நடுவே வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். பாரம் தொடங்கியது. நின்றேன். பூச்சாக்கின் மேல் உட்கார்ந்தேன். அட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்து நாக்கைத் தூக்கி அடியில் வைத்தேன். முதலில் லேசான இனிப்பு, பிறகு சின்னக் குறுகுறுப்பு. மூட்டை இறக்கும் தம்பி ஓடி வந்து, "கணக்குப்பிள்ளை ஐயா, தண்ணீர் குடியுங்கள்" என்று பாட்டிலை நீட்டினான். "இப்போது வேண்டாம் தம்பி, மாத்திரை அடியில் கரைய வேண்டும். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்திலேயே நில்" என்றேன். நின்றான். மூன்றாவது நிமிடத்தில் நெஞ்சு இளக ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடத்துக்குள் முழுவதும் போய்விட்டது. நெற்றிப்பொட்டில் நாடி துடிப்பது போன்ற தலைவலி வந்து அரை மணி நேரம் இருந்தது. அன்று முதல் அந்தத் தம்பிக்கும் முதலாளிக்கும் விதிகளைச் சொல்லி வைத்திருக்கிறேன். மாத்திரை வைத்திருப்பவர் தம்முடன் இருப்பவர்களுக்கும் சொல்லியே வைக்க வேண்டும்.

விதிகள் எனக்கு டாக்டர் சொன்னபடி. முதலில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடக் கூடும்; படுத்துக்கொண்டால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி மருந்தின் வேலைக்கு எதிராகப் போகும். சாய்ந்து உட்காருவதுதான் சரி. ஒரு மாத்திரை, நாக்கின் அடியில். விழுங்கக் கூடாது, விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும், மிச்சமும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். வாய் உலர்ந்திருந்தால் முன்னதாக ஒரு வாய்த் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். வெற்றிலை போட்டிருந்தால் துப்பிக் கொப்பளித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். மார்க்கெட்டில் இதை நான் ஓயாமல் சொல்கிறேன். பிறகு கடிகாரம். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ கூடினாலோ 108. அழைத்த பிறகு, வண்டி வரும்வரை ஐந்து நிமிட இடைவெளியில் இன்னொன்று வைக்க எனக்கு அனுமதி உண்டு. மொத்தம் மூன்றைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் விதி.

இன்னொரு பயன்பாட்டைப் பலர் அறிவதில்லை. வலி வந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பதில்லை. வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு முன்னாலும் வைக்கலாம். அழகர்மலையில் பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஏறினேன். இதன் வேலை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிற்கும். மெதுவாகத்தான் ஏறினேன், பாரம் வரவில்லை. மருந்துக்கு முழு மதிப்பெண் கொடுக்க இந்த ஒன்றே போதும். ஆஞ்சைனாக்காரர் முதலில் இழப்பது தைரியத்தைத்தான். மகன் வீட்டு மாடி, கோயில் படி, பஸ்ஸைப் பிடிக்கும் நாலு எட்டு நடை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருவார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கிறது இது.

இப்போது குறைகள். முதல் குறை அட்டை. பெரிய அட்டை ஒன்றில் சின்னச் சின்ன மாத்திரைகளை நெருக்கி அடைத்திருக்கிறார்கள். வாங்குபவர் பத்து கேட்டால் கடைக்காரர் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பார். காலாவதித் தேதி அட்டையின் ஒரு மூலையில்தான் அடித்திருக்கும். அந்த மூலை கடையிலேயே தங்கிவிடும். ஒருமுறை எனக்குக் கிடைத்த துண்டில் மருந்தின் பெயரே பாதிதான் இருந்தது. அவசரத்துக்கென்று மாதக்கணக்கில் பையில் கிடக்கும் மருந்துக்குத்தான் தேதி மிக முக்கியம். அதற்கே தேதி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு மாத்திரையின் பின்னாலும் தேதியை அச்சிடுவது பெரிய செலவாகத் தெரியவில்லை. இப்போது நான் வாங்கும் கடையில் ஒரு பெண் மருந்தாளுநர் இருக்கிறார். நான் கேட்காமலேயே காகித உறையின் மேல் மருந்தின் பெயர், அளவு, காலாவதி மாதம் மூன்றையும் தமிழில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறார். "ஐயா, சட்டை துவைக்கப் போடும்போது இதை எடுத்து வைத்துவிடுங்கள், ஈரம் பட்டால் வீண்" என்று சொல்லியும் அனுப்புகிறார். அவர் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போகிறேன்.

இரண்டாவது, தகட்டைப் பிரிப்பது கடினம். வலியில் கை நடுங்கும், வியர்க்கும், விரல் வழுக்கும். வயதானவர்களின் நகத்துக்கு அது கிழிவதே இல்லை. கிழிந்தால் மாத்திரை பொடியாகிக் கீழே விழுகிறது. வீட்டில் நிதானமாக இருக்கும்போது ஒவ்வொரு மாத்திரையின் ஓரத்திலும் கத்தரியால் சிறு வெட்டுக் கொடுத்து வைக்கலாம் என்று என் மகள் சொன்னாள். தகடு திறந்துவிடாமல் ஓரத்தை மட்டும் வெட்ட வேண்டும். அது உதவுகிறது.

மூன்றாவது, தமிழில் ஒரு வரிகூட இல்லை. ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, தன் உயிர்காக்கும் அட்டையைத் தன் மொழியில் படிக்க முடியாத நிலை இருக்கலாமா?

மருந்தின் மேலேயே உள்ள குறை தலைவலி. சிலருக்கு லேசாக, சிலருக்குக் கடுமையாக வரும். மூளைக்குப் போகும் குழாய்களும் விரிவதால் வருவது அது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நைட்ரோகிளிசரினைக் கையாண்ட வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் இதே தலைவலி வந்து, வாரத்தின் நடுவில் பழகிப்போய், ஞாயிறு விடுப்புக்குப் பிறகு திரும்பவும் வந்தது. உடம்பு நைட்ரேட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது. தினமும் விழுங்கும் நீண்டநேர நைட்ரேட் மாத்திரைகளை இரவும் பகலும் தொடர்ச்சியாகக் கொடுக்காமல், நாளில் சில மணி நேரம் இடைவெளி விட்டு எழுதுவது இதனால்தான். டாக்டர் எட்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் என்று எழுதியிருந்தால் காலை, இரவு என்று நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

வைக்கவே கூடாத நேரத்தை எல்லோரும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபில் மாத்திரை சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் இதை வைக்கக் கூடாது. இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிர் போகலாம். வெட்கத்தால் இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. 108 ஊழியரிடமும் மறைக்காதீர்கள். மனைவி பக்கத்தில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருப்பவர்களுக்கும், இதயத்தின் பெருந்தமனி வால்வு மிகவும் குறுகியிருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. நெஞ்சுவலி என்றதும் பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் திணிப்பதை இதனால்தான் எதிர்க்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இந்த மாத்திரை மாரடைப்பையே நிறுத்திவிடும் என்கின்றன. நிறுத்தாது. இதயத்தின் வலது அறையைத் தாக்கும் மாரடைப்பில் இது அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி நிலைமையை மோசமாக்கிவிடும்.

எங்கள் உறவிலேயே இப்படி ஒரு நிலை வந்தது. மேலூர்ப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கும் என் மதினிக்கு நீண்ட நாள் சர்க்கரை. ஒரு மாலையில் வலியே இல்லை. மூச்சு வாங்குகிறது, உடம்பு சில்லிட்டு வியர்க்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்றார். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு இப்படி வலியில்லாமலேயே வருவது உண்டு. அங்கே இருந்தவர்கள் என் மாத்திரையைக் கேட்டு எனக்குப் போன் செய்தார்கள். "மதினிக்கு அதைக் கொடுக்காதீர்கள், 108க்குச் சொல்லுங்கள்" என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்த அழுத்தம் 90க்குக் கீழே இருந்தது. அங்கே அவருக்குக் கொடுத்தது வேறு மாத்திரைகள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தம் உறைந்து அடைக்கும்போது அந்த உறைவைத் தடுப்பவை ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். நாக்கடி மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. மதினியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார், இன்று தன் வீட்டு வேலையைத் தானே பார்க்கிறார். கிராமத்துக்காரர்கள் நெஞ்சு அடைப்புக்கு நேரே மதுரைக்குக் காரை விரட்டுவதற்கு முன், பக்கத்துச் சுகாதார நிலையம் திறந்திருந்தால் அங்கே இறங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் ஆஞ்சைனாவின் போக்கு மாறினாலும் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். வழக்கமாக இரண்டு மாடி ஏறினால் வருவது முற்றத்தில் நடந்தாலே வருகிறது, உட்கார்ந்திருக்கும்போது வருகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, ஒன்றுக்கு இரண்டு மாத்திரை தேவைப்படுகிறது என்றால் அது நிலையற்ற ஆஞ்சைனா. மாரடைப்புக்கு வாசல்படி அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாத்திரை வைத்த தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதி வைக்கிறேன். டாக்டர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

நோயைப் பிடித்து நிறுத்துவது தினசரி மாத்திரைகள். எனக்கு ஆஸ்பிரின் 75 மி.கி., கெட்ட கொழுப்பைக் குறைக்க ஒரு ஸ்டாட்டின், இதயத் துடிப்பை மட்டுப்படுத்த மெட்டோபுரோலால். பீடியைத் தொடக் கூடாது. குழாய் அடைப்பைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராமை மணிக்கட்டு வழியாக எடுத்தார்கள். ஒரு குழாயில் மட்டும் அடைப்பு. மருந்தோடு தொடரலாம், கட்டுப்படாவிட்டால் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைச்சுருளை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது உறவினர்கள் பதறினார்கள். "காசைப் பார்த்துக்கொண்டு உயிரோடு விளையாடாதே" என்றார் மச்சான். டாக்டர் காரணம் சொன்னார். 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடத்தி, 2020இல் முழுமையாக வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், நிலையான நோய் உள்ளவர்களுக்கு முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. நெஞ்சுவலி மட்டும் நன்றாகக் குறைந்தது. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அறுவை சிகிச்சை உயிரைக் காக்கும். மாரடைப்பின் நடுவில் இருப்பவருக்கு ஸ்டென்ட் தாமதிக்கவே கூடாத ஒன்று. ஆகவே "எனக்கு எந்த வகை, எந்தக் குழாய்?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. ஸ்டென்ட் தேவைப்பட்டால் பணத்துக்காகத் தயங்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்றார்கள். அதன் பிறகு விலை சற்று ஏறியிருந்தாலும் கட்டுப்பாடு தொடர்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பலரிடம் அந்த அட்டை இருக்கிறது. எதற்கென்று தெரியாமல் பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: டைநைட்ரேட் என்றும் மோனோநைட்ரேட் என்றும் இரண்டு இருக்கின்றன, அட்டைகளும் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மோனோநைட்ரேட்டும், மெதுவாகக் கரையும் வகைகளும் தினமும் விழுங்குவதற்கானவை. அவற்றை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் வலி நேரத்தில் பயன்படாது. நாக்கடிக்கு உரியதுதானா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தேதி இருக்கும் மூலையிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலும், கார் டாஷ்போர்டிலும், அடுப்படி அலமாரியிலும் வைக்காதீர்கள். ஒன்று சட்டைப் பையில், ஒன்று படுக்கைப் பக்கத்தில், ஒன்று வேலை செய்யும் இடத்தில் இருக்கட்டும். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இதன் விலைக்கு மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.